மௌனம் சம்மதமன்று

'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் அது ஒருகால் பொருந்தியிருக்கலாம். அங்குங்கூடப் பொருந்துமா என்பது ஐயத்துக்கு உரியதே. ஆனால், பலர் கூடித் தொழில் செய்யும் இடத்தில் அப்பழமொழியை நம்பி நடந்தவர்கள் பெருந்துன்பத்துக்கு ஆளாகியிருக்கிறார்கள். தம்மை நம்பியவர்களையும் துன்பத்துக்கு ஆளாக்கியிருக்கிறார்கள். அதனைப்பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் உரையாட விரும்புகிறேன்.

இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் இன்னும் சில ஆண்டுகளில் ஆலைக்கோ, அலுவலகத்துக்கோ, மருத்துவமனைக்கோ, ஆய்வுக்கூடத்துக்கோ பணியாற்றச் செல்வீர்கள். எங்குச் சென்றாலும் தனியாக வேலை செய்யப்போவதில்லை. ஒரு குழுவில் ஒருவராக இருந்தே வேலை செய்வீர்கள். உங்களுக்கு மேலே ஒருவர் இருப்பார். காலம் செல்லச் செல்ல, உங்களுக்குக் கீழேயும் சிலர் இருப்பர். அந்த நாளில் உங்களுக்கு இரண்டு பயிற்சிகள் வேண்டியிருக்கும். ஒன்று, மேலே இருப்பவரிடம் உண்மையைச் சொல்லத் துணிதல். மற்றொன்று, கீழே இருப்பவர் சொல்லும் உண்மையைக் கேட்கப் பொறுத்தல். இவ்விரண்டுக்கும் நம் தேர்வுகளில் மதிப்பெண் இல்லை. ஆயினும், மதிப்பெண் உள்ள பல பாடங்களைவிட இவை வாழ்க்கையில் அதிகமாகப் பயன்படும்.

முதலில் சிறியதொரு செய்தி. என் நண்பர் ஒருவர் பணியாற்றிய பள்ளியின் தலைமையாசிரியர் நல்லவர், உழைப்பாளி. ஆனால், ஆசிரியர் கூட்டத்தில் தம் முடிவை முதலில் சொல்லிவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்பது அவர் வழக்கம். ஓராண்டு விளையாட்டு விழாவை ஐப்பசிக் கடைசியில் நடத்துவதென்று அவர் அறிவித்தார். ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்பதை அவ்வூரில் அறியாதவர் எவருமில்லை. இருந்தும் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தவுடன், வேப்பமரத்தடியில் எல்லாரும் ஒருங்கே பேசத் தொடங்கினார்கள். விழா நாளன்று மழை கொட்டியது, பந்தல் சாய்ந்தது, பரிசு பெற வந்த பிள்ளைகள் நனைந்துகொண்டே வீடு திரும்பினார்கள். "ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று தலைமையாசிரியர் வருந்தினாராம். சொல்லுவதற்குரிய இடம் கூட்டத்தில் இல்லை. அந்த இடம் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது என்பதை அவர் அறியவில்லை.

அந்தக் கூட்டத்தில் நிலவியது சம்மதம் அன்று, மௌனமே. இரண்டும் மேசைக்கு மறுபுறத்திலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

மழையில் நனைந்த விழா ஒரு சிறு நட்டம்; அடுத்த ஆண்டு ஈடு செய்துகொள்ளலாம். ஆனால், இதே மௌனம் உயிர்களைப் பறித்த இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று உலக விமானப் போக்குவரத்து வரலாற்றில் நீங்காத இடம் பெற்றுவிட்டது.

1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள். அட்லாண்டிக் கடலில் ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கனேரித் தீவுகளுள் ஒன்று டெனரீஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால், அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் பல டெனரீஃபின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. அவற்றுள் இரண்டு, போயிங் 747 என்னும் மிகப் பெரிய விமானங்கள். ஒன்று நெதர்லாந்து நாட்டு கே.எல்.எம். நிறுவனத்தினுடையது, மற்றொன்று அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனத்தினுடையது. மாலையில் மூடுபனி ஓடுபாதையை மறைத்தது. ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றைக் காண முடியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்தும் இரண்டையும் காண முடியவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் தலைவர் அந்நிறுவனத்திலேயே பெயர்பெற்ற மூத்த விமானி. போயிங் 747 ஓட்டுவதில் மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் ஆசான். அவர் பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானிக்கு அவ்வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதித் தேர்வை நடத்தியவரும் அவரே. ஓடுபாதையின் முனையில் விமானத்தைத் திருப்பி நிறுத்தியவுடன் தலைவர் புறப்பட முனைந்தார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். தலைவரும் நிறுத்திக்கொண்டார். பிறகு, வானில் செல்ல வேண்டிய வழியைக் குறித்த அறிவிப்பு மட்டும் வந்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அன்று. ஆயினும் தலைவர் விமானத்தைச் செலுத்தத் தொடங்கிவிட்டார். இரண்டாம் முறை துணை விமானி அவரைத் தடுக்கவில்லை.

அப்போது மற்றொரு விமானம் அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்தது. தான் இன்னும் பாதையை விட்டு விலகவில்லை என்பதை உணர்த்தும் அதன் வானொலிப் பேச்சு, கே.எல்.எம். விமானியர் அறையிலும் ஒலித்தது. பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அந்த அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டுப் போகவில்லையோ என்று கேட்டார். போய்விட்டது என்று தலைவர் உறுதியாக விடையளித்தார். பொறியாளர் மேலும் பேசவில்லை. சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதித் தீப்பற்றின. 583 பேர் மாண்டனர். விமான விபத்துகளில் இந்நாள்வரை மிக அதிகமான உயிர்களைக் கொண்ட விபத்து அதுவே.

இவ்விபத்துக்குக் காரணம் ஒன்றன்று. மூடுபனி ஒரு காரணம். இரண்டு வானொலிப் பேச்சுகள் ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று மறைத்தது ஒரு காரணம். கோபுரத்துக்கும் விமானிக்கும் இடையே வழங்கிய சொற்களின் தெளிவின்மையும் ஒரு காரணம். ஆனால், நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி, உண்மை அந்த விமானியர் அறைக்குள்ளேயே இருந்தது என்பதுதான். மூவரில் ஒருவர் அதனைச் செவ்வையாக ஐயுற்றார்; கேள்வியாகவும் கேட்டார். மூத்தவரின் ஓர் உறுதியான சொல் அந்த ஐயத்தை அடக்கிவிட்டது. அறிவு குறைந்து நேர்ந்த விபத்தன்று அது. அறிந்தவரின் குரல் தணிந்து நேர்ந்த விபத்து.

அடுத்த ஆண்டு, 1978 டிசம்பர் 28-ஆம் நாள், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கருகே மற்றொரு விமானம் விழுந்தது. சக்கரங்கள் சரியாக இறங்கினவா என்ற ஆராய்ச்சியில் தலைவர் மூழ்கியிருக்க, விமானம் வானில் வட்டமிட்டுக்கொண்டேயிருந்தது, எரிபொருள் தீர்ந்துபோயிற்று. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் தலைவரின் உள்ளத்தில் பதியும்படி அழுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தனர்.

இவ்வகை விபத்துகளுக்குப் பின்னர் விமானத் துறையினர் செய்த காரியம் போற்றத்தக்கது. அவர்கள் துணை விமானியைக் குறை கூறியதோடு நின்றுவிடவில்லை. தலைவரைப் பழித்ததோடும் நின்றுவிடவில்லை. பேசுவதையும் கேட்பதையும் ஒரு தொழில் திறமையாகக் கருதிப் பயிற்சி தர முற்பட்டார்கள். 1979-இல் நாசா அமைப்பு இதற்கென ஆய்வரங்கு ஒன்றைக் கூட்டியது. 1981-இல் யுனைட்டெட் விமான நிறுவனம் முழுமையான பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவியது. விமானத்தில் தலைவரே முடிவு செய்வார், அதில் மாற்றமில்லை. ஆனால், முடிவு செய்வதற்குமுன் மற்றவர்களிடம் உள்ள செய்தியைக் கேட்டுப் பெறுவது அவர் கடமை. தாம் கண்ட ஆபத்தைச் சொல்லாமல் விடாதிருப்பது மற்றவர்களின் கடமை. இதுவே அப்பயிற்சியின் சாரம்.

மூத்தவரிடம் மாற்றுக் கருத்தை எப்படிச் சொல்வது என்பதற்கும் அவர்கள் ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். அது ஐந்து படிகள் கொண்டது. முதலில், அவரை விளித்துக் கவனத்தைப் பெறுதல். இரண்டாவது, நம் கவலையை நம் கவலையாகவே சொல்லுதல். மூன்றாவது, சிக்கல் இன்னதென்று தெளிவாகக் கூறுதல். நான்காவது, அதற்கு ஒரு தீர்வும் கூறுதல். ஐந்தாவது, அவருடைய உடன்பாட்டைக் கேட்டல்.

இதனை உங்கள் வேதியியல் கூடத்துக்குப் பொருத்திப் பாருங்கள். உங்களைவிட மூத்த மாணவர் ஒருவர் அடர் கந்தக அமிலத்தில் தண்ணீரை ஊற்ற முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இவ்வாறு சொல்லலாம்: "அண்ணா, ஒரு நிமிடம். எனக்கு அச்சமாக இருக்கிறது. தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் அது கொதித்து முகத்தில் தெறிக்கும். அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்ப்போம். அப்படிச் செய்யலாமா?" இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? 'இவருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்னும் ஏளனம் எங்கே இருக்கிறது? அவர் முகத்தையும் காத்தீர்கள், மதிப்பையும் காத்தீர்கள்.

இப்பயிற்சியின் பயனை உலகம் 1989 ஜூலை 19-ஆம் நாள் கண்டது. யுனைட்டெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஒன்றின் வால்புற எஞ்சின் நடுவானில் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் தாழ்த்தவும் உதவும் திரவ அழுத்த அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. அப்படியொரு நிலைக்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்பட்டிருக்கவில்லை. தலைவர் ஆல்ஃபிரட் ஹெய்ன்ஸ், எல்லாம் தமக்குத் தெரியும் என்று இருந்துவிடவில்லை. உடனிருந்தவர்களைக் கேட்டார். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவர் உதவ முன்வந்தபோது, அவரை அறைக்குள் அழைத்து எஞ்சின் விசைகளை அவர் கையில் ஒப்படைத்தார். நால்வரும் பேசிப் பேசி, மீதமிருந்த இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் அவ்விமானத்தைச் சூ நகர நிலையம்வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். தரையிறங்கும்போது விமானம் உடைந்து சிதறியது; நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆனால், 296 பேரில் 180-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். எல்லாருமே மாண்டிருக்க வேண்டிய நிலை அது. தாம் பெற்ற கூட்டுப் பயிற்சியே இதற்குப் பெரிதும் துணைசெய்தது என்று ஹெய்ன்ஸ் பிற்காலத்தில் பல மேடைகளில் எடுத்துரைத்தார்.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, 'துணிந்து பேசினால் போதும். எல்லாம் நலமாக முடியும்' என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. பேசினால் மட்டும் போதாது. கேட்பதற்கும் ஆள் வேண்டும். இதற்கும் ஒரு சான்று உண்டு.

1986 சனவரி 28-ஆம் நாள் சாலஞ்சர் என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் புறப்பட்ட 73-ஆம் வினாடியில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அவர்களுள் கிறிஸ்டா மக்காலிஃப் என்னும் பெண்மணி ஒரு பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பள்ளிப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே அந்த ஓடம் அழிந்தது. ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்நிகழ்ச்சியை நினைக்கும்தோறும் நெஞ்சு கனக்கிறது.

அந்த விபத்தின் காரணத்தை அறிந்தவர்கள் முன்னரே இருந்தார்கள். ஓடத்தை உந்தும் ராக்கெட்டின் பகுதிகள் இணையுமிடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவை எரிவாயு கசியாமல் அடைத்துக்கொள்ள வேண்டும். கடுங்குளிரில் ரப்பர் விறைத்துவிடும், விரைந்து அடைத்துக்கொள்ளாது. ராக்கெட்டை உருவாக்கிய மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜலே, இக்குறையால் பேரழிவு நேரக்கூடும் என்று 1985-ஆம் ஆண்டிலேயே தம் மேலதிகாரிகளுக்கு எழுதினார். புறப்படுவதற்கு முன்னிரவில் தொலைபேசி வழியாக ஒரு கலந்தாய்வு நடந்தது. வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இருந்தால் ஓடத்தை ஏவ வேண்டா என்று பொறியாளர்கள் வற்புறுத்தினார்கள். அன்றிரவோ குளிர் உறைநிலைக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது.

நாசா அதிகாரிகள் அக்கருத்தை விரும்பவில்லை. அவர்கள் மனக்குறையைக் கண்ட நிறுவனத்தார் தங்களுக்குள் பேச நேரம் கேட்டார்கள். அப்பேச்சின் முடிவில், நிர்வாகிகள் நால்வர் மட்டும் கூடி ஏவலாம் என்று தீர்மானித்தார்கள். பொறியாளர்களின் வாக்கைக் கேட்கவில்லை. அந்நிறுவனத்தின் ஆலன் மக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார், மற்றொருவர் கையெழுத்திட்டார். பின்னர் விசாரணைக் குழு வெளியிட்ட செய்தி இன்னும் வேதனையானது. இறுதி முடிவு செய்த நாசாவின் தலைமை அதிகாரிகளுக்கு, பொறியாளர்கள் முதலில் தடை சொன்னார்கள் என்ற செய்தியே எட்டவில்லையாம். இங்குக் குரல் எழுந்தது. அது ஏறிச் செல்லப் படிகள்தாம் இல்லை. இரண்டு படிகள் ஏறியதும் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆகவே, உண்மை மேலே செல்வதற்குப் படி அமைத்துத் தருவது தலைவனின் வேலை என்பது இதனால் தெளிவாகும். அந்தப் படியை எவ்வாறு அமைப்பது? இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழிகாட்டியைக் காண்கிறோம்.

1979 ஆகஸ்டு 10-ஆம் நாள், சிறிஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 என்னும் இந்திய ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. அத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம். ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு தவறியது. அது வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் நீரில் மூழ்கியது. செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். அப்போது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்த பேராசிரியர் சதீஷ் தவான், கலாமை முன்னே தள்ளவில்லை. தாமே செய்தியாளர்முன் அமர்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். தம் குழுவினர்மீது தமக்கு நம்பிக்கை இருக்கிறது, அடுத்த முறை வெற்றி பெறுவார்கள் என்றார். 1980 ஜூலை 18-ஆம் நாள் அதே ராக்கெட் ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று தவான் பின்னே நின்றுகொண்டு, செய்தியாளரைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பினார். கலாம் குடியரசுத் தலைவரான பின்னரும் இந்நிகழ்ச்சியை மாணவர்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்லிவந்தார்.

பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாகவே இதனைப் பலரும் கூறுவர். நான் இதில் மற்றொன்றையும் காண்கிறேன். தோல்விக்குத் தலைவர் பொறுப்பேற்கும் இடத்தில், குறையைச் சொல்லத் தொழிலாளிக்கு அச்சம் வராது. 'எங்கே கசிந்தது, எது தவறியது, யார் எதைக் கவனித்தார்' என்றெல்லாம் மறைக்காமல் பேசலாம். மறைக்காமல் பேசினாலன்றி ஓராண்டுக்குள் குறையைக் கண்டு களைந்திருக்க முடியுமா? தண்டனைக்கு அஞ்சும் குழு குறையை ஒளித்து வைக்கும். ஒளித்து வைத்த குறை, அடுத்த ராக்கெட்டிலும் ஏறிக்கொள்ளும்.

இதனை ஆராய்ச்சியும் மெய்ப்பிக்கிறது. அமெரிக்கப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன், 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக வந்தது. நல்ல பிரிவுகளிலேதான் அதிகமான பிழைகள் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து நோக்கியபோது உண்மை விளங்கியது. நல்ல பிரிவுகளில் பிழையை ஒளிக்காமல் சொன்னார்கள். மற்றப் பிரிவுகளில் பிழை நேர்ந்தும் சொல்லாமல் மறைத்தார்கள். ஆகவே, குறையே எழுதப்படாத பதிவேட்டைக் கண்டால் ஒரு தலைவன் மகிழ்ச்சியடையக் கூடாது. 'இங்குக் குறை இல்லையா, அல்லது சொல்வார் இல்லையா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருத்துவத் துறையில் நிகழ்ந்த இன்னொரு நற்செயலையும் கூறுவேன். 2008-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவை மருத்துவத்துக்கென 19 செய்திகள் அடங்கிய ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒன்று, கத்தியை எடுப்பதற்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது. இது விளையாட்டுப்போலத் தோன்றலாம். ஆனால், ஒருமுறை தன் குரலை அவ்வறையில் ஒலிக்கச் செய்த இளஞ்செவிலி, பிறகு ஓர் ஆபத்தைக் கண்டால் வாய் திறப்பது எளிதாகிறது. புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் உள்ள எட்டு மருத்துவமனைகளில் இப்பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறுவைக்குப்பின் இறப்போர் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தனர் என்று 2009-இல் வெளியான ஆய்வு கூறிற்று. பட்டியலின் எல்லாப் பகுதிகளும் சேர்ந்து தந்த பயன் அது. பெயர் சொல்லும் அச்சிறு வழக்கமும் அதில் ஓர் அங்கம்.

இங்கே ஒரு கேள்வி எழும். 'பெரியவர்களை எதிர்த்துப் பேசலாமா? அது நம் பண்பாட்டுக்கு ஒத்ததா?' என்று நம் வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திருக்குறளின் அரசியல் பகுதியில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். தவறு கண்டவிடத்துக் கண்டித்துரைக்கும் துணைவர் அரசனுக்கு வேண்டும் என்ற கருத்து அங்கே வற்புறுத்தப்படுகிறது. சிந்தித்துப் பாருங்கள். நாற்படையும் கோட்டையும் உடைய அரசனுக்கே கண்டிப்பார் துணை வேண்டுமென்றால், ஓர் அலுவலக மேலாளருக்கு வேண்டாவா? மரியாதை என்பது தலைகுனிந்து நிற்பதில் மட்டும் இல்லை. நாம் மதிக்கும் ஒருவர் குழியில் விழப்போவதைக் கண்டும் வாளாவிருப்பது மரியாதை ஆகாது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் மூன்று வழக்கங்களைக் கைக்கொண்டேன். முதலாவது, கூட்டத்தில் என் கருத்தைக் கடைசியில் சொல்லுவது; வயதிலும் பணியிலும் இளையவரை முதலில் பேசச் சொல்லுவது. இது நான் கண்டுபிடித்ததன்று. படைத்துறை நீதி மன்றங்களில் இளைய அதிகாரியிடமே முதலில் வாக்குக் கேட்கும் மரபு உண்டு. மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவரின் வாக்கு அவர் பின்னே போய்விடும் அன்றோ? இரண்டாவது, 'எல்லாருக்கும் சம்மதந்தானே?' என்று கேளாமல், 'இதில் என்ன குறை காண்கிறீர்கள்?' என்று கேட்பது. முதற் கேள்விக்குத் தலையசைத்தால் போதும். இரண்டாவது கேள்விக்கு யோசித்தே விடை சொல்ல வேண்டும். மூன்றாவது, ஒரு முடிவினால் யாருடைய வேலை பாதிக்கப்படுமோ அவரைக் கேளாமல் முடிவு செய்யாதிருப்பது.

ஒருமுறை ஆறாம் வகுப்பைப் புதிய கட்டடத்துக்கு மாற்றுவதென்று ஆசிரியர் அனைவரும் மகிழ்ச்சியோடு முடிவு செய்தோம். கட்டடம் சத்துணவுக் கூடத்தை அடுத்து இருந்தது. வழக்கப்படி அங்குச் சமையல் செய்யும் அம்மையாரையும் கேட்டோம். அவர் சிறிது தயங்கினார். பிறகு, "ஐயா, இப்போது ஒன்றும் தெரியாது. ஆடிக் காற்று திரும்பிவிட்டால் அடுப்புப் புகை முழுவதும் அந்த அறைக்குள்தான் போகும். பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியாது" என்றார். பட்டம் பெற்ற பன்னிருவர் அறியாத செய்தி, நாள்தோறும் அடுப்பின்முன் நிற்பவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையைப் பொருள் வைக்கும் அறையாக்கினோம்; வகுப்பை வேறிடத்துக்கு மாற்றினோம். வேலைக்கு மிக அருகில் நிற்பவருக்கே வேலையின் உண்மை முதலில் தெரியும். அவர் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் நிற்பவராக இருப்பார்.

வெளிப்படையாகப் பேசுதல் என்பதற்கு எல்லையும் உண்டு. மனத்தில் தோன்றியதையெல்லாம் கொட்டிவிடுவது நேர்மை ஆகாது. ஒருவர் செய்த வேலையின் குறையைச் சொல்லலாம். அவர் பிறப்பையும் தோற்றத்தையும் பேச எவருக்கும் உரிமை இல்லை. ஆபத்து உடனே நேர்வதாயின் பலர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். இல்லையேல், தனியே சென்று சொல்வது நன்று. நேரில் சொல்லாமல் மறைவில் சொல்வது புறங்கூறுதல். மேலும், நம் கருத்தைக் கேட்டார்கள் என்பதாலேயே அதன்படி நடக்க வேண்டும் என்பதில்லை. கேட்டபின் முடிவு செய்யும் பொறுப்பு தலைவனுடையது. உயிருக்கும் நேர்மைக்கும் கேடு இல்லாதவரை, முடிவு நம் கருத்துக்கு மாறாயினும், அதனை நிறைவேற்ற மனமாரத் துணை நிற்பதும் நேர்மையே. அதுபோல், தலைவனும் மாற்றுக் கருத்தை ஏற்காதபோது ஏற்காத காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லப்பட்டவன் மறுமுறையும் வாய் திறப்பான். காரணம் இன்றி ஒதுக்கப்பட்டவன் மறுமுறை வாய் திறவான்.

உண்மை சொன்னவர்க்கு எப்போதும் மாலை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சாலஞ்சர் விசாரணையில் நடந்ததை ஒளிக்காமல் கூறிய ஆலன் மக்டொனால்டைக் கூட அவர் நிறுவனம் முதலில் பதவி தாழ்த்தியது. பின்னர் அமெரிக்கச் சட்டமன்றத்தார் தலையிட்டனர். அதே ராக்கெட்டின் இணைப்பைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. அவர் திருத்தியமைத்த ராக்கெட்டுடன் 1988-இல் விண்வெளி ஓடம் மீண்டும் பறந்தது. இடையில் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. அந்தத் துன்பத்தை மற்றவர்க்கு நேராமல் தடுக்கும் ஆற்றல், நாளைக்குத் தலைவர்களாகப் போகும் உங்கள் கையில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே! இதற்கான பயிற்சியைப் பணிக்குச் சென்றபின் தொடங்கலாம் என்று காத்திராதீர்கள். வகுப்பில் பாடம் விளங்காதபோது எழுந்து நின்று, "ஐயா, எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லிப் பழகுங்கள். அப்போது பக்கத்தில் எவரேனும் நகைத்தால், நீங்கள் நகைக்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் நால்வர் சேர்ந்து எடுத்த அளவீட்டில் உங்கள் அளவு மட்டும் வேறுபட்டால், அதனை அழித்துவிட்டு மற்றவர் அளவை எழுதாதீர்கள். ஏன் வேறுபட்டது என்று கேளுங்கள். விளையாட்டுக் குழுவுக்கு நீங்கள் தலைவரானால், அணியில் கடைசியாகச் சேர்ந்த பையனிடம் அவன் கருத்தை முதலில் கேளுங்கள். அவன் சொல்லும்போது இடைமறிக்காதீர்கள். சொன்னபின், அது உங்களுக்குப் பிடிக்காத செய்தியாயினும், நன்றி கூறுங்கள்.

இவ்வாறு பழகியவர்கள் நாளை மருத்துவமனையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் அமரும்போது, அங்கே கூடியிருப்போர் அமைதியாக இருந்தால் அதைச் சம்மதம் என்று எண்ணி எழுந்துபோகமாட்டார்கள். ஒரு கணம் நின்று, "யாருக்கேனும் சொல்ல வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை காத்திருப்பார்கள்.